கீச்சிடும் பிறேக்கும் கடுகண்ணாவ இறக்கமும்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நீ வட்சப்பில் அனுப்பிய, உன் காரின் பிறேக் கீச்சிடும் சத்தத்தை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "பழைய கார்தானே அப்பா, சத்தம் வரத்தான் செய்யும்" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

காலையில் எடுத்தவுடன் கீச்சிட்டுவிட்டு நாலைந்து தரம் பிறேக் மிதித்ததும் அடங்கினால் பயமில்லை. இங்கே கொழும்புக் கடற்காற்றில் ஒரு இரவு நின்றாலே, சில்லோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் மண்ணிறமாகத் துரு படரும். கண்டிப் பனியிலும் அப்படித்தான். பிறேக் மிதிக்கும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாட் உரசியதும் போய்விடும். ஆனால் நீ மத்தியானமும் கேட்கிறது என்கிறாய். அது வேறு கதை.

பல பிறேக் பாட்களின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பாட் தேய்ந்து முடியப்போகிறது என்று சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். புதுப் பாட் 10 மில்லிமீற்றர் அளவு தடிப்பு. 2, 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். நாளைக்கே சில்லின் இடைவெளியால் டோர்ச் அடித்துப் பார். 3 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் இனி ஓடாதே.

பாட் தடிப்பாக இருந்தும் சத்தம் வந்தால், நீ இறக்கத்தில் காலைப் பிறேக்கிலேயே வைத்துக்கொண்டு வருகிறாய் என்று நினைக்கிறேன். சூடேறி பாட்டின் முகம் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். பிறகு டிஸ்க்கைப் பிடிக்காமல் நடுங்கும். அந்த நடுக்கம்தான் கீச்சுச் சத்தம். இறக்கத்தில் கியரை L-இல், அதாவது குறைந்த கியரில் போடு, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்கிற கம்பி இறுகியிருந்தாலும் இதே சத்தம் வரும். அதைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் பிறேக் கிறீஸ் பூசச் சொல். பாட்டின் முதுகிலும் மெல்லிசாகப் பூசலாம். உரசும் முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது. யாராவது சத்தத்தை நிறுத்த எண்ணெய் ஸ்பிறே அடிக்க வந்தால் காரைத் தொட விடாதே. சத்தம் நிற்கும், கார்தான் நிற்காது.

நீ பாலர் வகுப்பில் இருந்த வருஷம் உனக்கு நினைவிருக்காது. ஒரு மாதமாகக் கத்திய பிறேக்கை, சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். கண்டியிலிருந்து திரும்பும்போது, கடுகண்ணாவ இறக்கத்தில் பாறையைக் குடைந்த வாயிலைத் தாண்டியதும் கீச்சு நின்று, இரும்பை இரும்பு அரைக்கிற கரகரப்புத் தொடங்கியது. முன்னால் ஒரு லொறி. நீ அம்மாவின் மடியில் நித்திரை. கைப்பிறேக்கையும் இழுத்து ஓரத்து மண்ணில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் டிஸ்க் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அந்த நேரத்துக் கைநடுக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை, பிள்ளை.

பாட் மாற்றுவதென்றால் முன் இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நானே வாங்குகிறேன். வாகன இலக்கத்தையும் மொடலையும் அனுப்பு. மலிவு என்று கொடுக்கும் சில பாட்களில் உலோகத் தூள் அதிகம், அவை புதிதிலேயே கத்தும், டிஸ்க்கையும் தின்னும். டிஸ்க்கில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து மட்டமாக்கலாம். ஆனால் குறைந்தபட்சத் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் புதிதுதான். மாற்றிய பிறகு வெறுமையான ரோட்டில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறை. கொஞ்சம் ஓடி ஆறவிட்டுத் திரும்பவும் குறை. இருபது தரமாவது செய், பாட் டிஸ்க்கோடு படியும்.

பின் சில்லுகளில் டிஸ்க் இல்லை, மூடிய ட்றம் பிறேக். உள்ளே தூசி அடைத்தாலும் சத்தம் வரும். காற்றடித்து ஊதவிடாதே, அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

சனிக்கிழமை வருகிறேன் என்றாயே. அதற்குள் கரகரப்புக் கேட்டால் காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறு. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் நான் நிற்பேன். அடுத்த கிழமை பிறேக் பாட்களோடு நானே கண்டிக்கு வருகிறேன், இரண்டு பேருமாகச் சில்லைக் கழற்றிப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா