நாங்கள் ஏன் 'எமர்ஜென்சி கிட்' விற்பதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

புயல், வெள்ளம், தீ என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் கடையில் ஒரே கேள்விதான்: "நாய்க்கும் பூனைக்கும் எமர்ஜென்சி கிட் இருக்கா?" இல்லை. அப்படியொன்றைத் தயார் செய்து அடுக்குவது எங்களுக்குக் கடினமில்லை. ஒரு பை, ஒரு மடக்குக் கிண்ணம், ஒரு கயிறு, கொஞ்சம் பஞ்சும் பேண்டேஜும், பைமேல் அழகாக ஒரு பாதச்சுவடு. நன்றாகவே விற்கும். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைக் கேட்பவர்களிடமெல்லாம் கல்லாவில் நின்றபடி அவசரமாகச் சொல்வதைவிட, எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்தப் பையில் இருக்கவேண்டிய முக்கியமானவை எவையும் எங்களிடம் இல்லை. உங்கள் நாய் தினமும் சாப்பிடும் மாத்திரை, தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், நீங்களும் உங்கள் பிராணியும் சேர்ந்து நிற்கும் புகைப்படம், அது வழக்கமாகச் சாப்பிடும் உணவு. இவற்றை நீங்கள்தான் எடுத்து வைக்க முடியும். கிட் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் இவை விட்டுப்போவதுதான் எங்கள் பயம்.

இன்னொன்று, வெளியேறும் நேரத்தில் பெரும்பாலும் காலை வாருவது பை அல்ல, பூனை! எச்சரிக்கை வந்ததும் வீடு பரபரக்கும். பீரோ திறக்கும், பெட்டிகள் இழுபடும், குரல்கள் உயரும். ஏதோ சரியில்லை என்று பூனைக்குப் புரிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் கை எட்டாத மூலைக்கு அது போன பிறகு, நீங்கள் கட்டிவைத்த பையால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை, பூனையை ஒளிந்துகொள்ள இடமில்லாத ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவது. குளியலறை போதும். மூட்டை கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது கேரியர், அதாவது பூனையை உள்ளே வைத்துத் தூக்கிச் செல்லும் பெட்டி. பல வீடுகளில் அது பரணில்தான் இருக்கிறது. ஊசி போடப் போகும் நாளில் மட்டும் கீழே இறங்குகிறது. பூனையின் கணக்கில் அது ஊசிப்பெட்டி, அதைப் பார்த்தாலே ஓடத்தான் செய்யும். பரணிலிருந்து இறக்கி, கதவைத் திறந்தபடியே, பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்தின் பக்கத்தில் வையுங்கள். அது படுத்துப் பழகிய துணியை உள்ளே விரியுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை முதலில் வாசலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்துங்கள். தானாக உள்ளே போய்ச் சாப்பிடத் தொடங்கிய பிறகு கதவை ஒரு நிமிடம் மூடிப் பாருங்கள். அதையும் ஏற்றுக்கொண்டால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடங்கள், பிறகு வண்டிவரை. வாரக்கணக்கில் ஆகலாம், அவசரப்படுத்த வேண்டாம். வாங்காதவர்கள் வாங்கும்போது மேல்பக்கமும் திறக்கிற வகையாகப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் பூனையை முன்வாசல் வழியாகத் தள்ளுவதைவிட மேலிருந்து இறக்குவது எளிது.

நாயோடு வெளியேறுவது பொதுவாகச் சுலபம். ஆனால் எவ்வளவு சாதுவான நாயும் வலியிலோ பீதியிலோ கடிக்கலாம், வீட்டு ஆட்களையும்கூட. அதனால் மூச்சிரைக்க இடம்விடும் கூடை வடிவ வாய்மூடியை அமைதியான நாட்களிலேயே பழக்கிவிடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அதைப் போடக்கூடாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் புகையிலும் வெக்கையிலும் சீக்கிரம் துவண்டுவிடும். அவற்றை வைத்திருப்பவர்கள் மற்றவர்களுக்கு முன்பே கிளம்புவது நல்லது.

பைக்குள் என்ன என்பதற்கு வருகிறோம். உணவு குறைந்தது ஒரு வாரத்துக்கு, முடிந்தால் இரண்டு வாரத்துக்கு. அதுவும் வழக்கமான உணவே. திடீரென்று உணவு மாறினால் வயிறு கலங்கும், நெரிசலான முகாமில் நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர், நாயின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், வெயிலில் இன்னும் கூடும். இன்சுலின் போடும் பிராணி என்றால் ஐஸ் பை இல்லாமல் கிளம்பாதீர்கள். பதற்றத்தைக் குறைக்கிறேன், வலியைக் குறைக்கிறேன் என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

பிராணியின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் பற்றிப் பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். தொலைந்த நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, அது ஜிபிஎஸ் அல்ல. அதில் இருப்பது ஓர் எண், பெரும்பாலும் 15 இலக்கம். ஸ்கேனர் வைத்துப் படித்தால் அந்த எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் இருப்பது உங்கள் பழைய கைபேசி எண் என்றால் சிப் போட்டும் பயனில்லை. இன்றே சரிபாருங்கள். காலரில் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள தகடும் தொங்கட்டும், ஏனென்றால் தெருவில் போகிறவரிடம் ஸ்கேனர் இருக்காது.

பறவை வளர்ப்பவர்களுக்கு: புகை என்றால் முதலில் கிளம்பவேண்டியது உங்கள் வீடுதான். பறவையின் நுரையீரல் காற்றிலிருப்பதை மிக வேகமாக உறிஞ்சும், நமக்கு இருமல் வரும் அளவு புகையே அதைக் கொன்றுவிடலாம். எடுத்துச் செல்லச் சின்னக் கூண்டும் மேலே மூட ஒரு துணியும் வேண்டும். முயல் அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே ஆபத்து, உலர்புல்லை மறக்கவேண்டாம். மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை மாட்டிவிட்டுப் போகலாம். சில நாள் இரையில்லாமல் வளர்ந்த மீன்கள் தாங்கும், போகும்முன் அள்ளிக் கொட்டுவதுதான் தண்ணீரைக் கெடுக்கும்.

எங்கே போவது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். எல்லா முகாம்களும் பிராணிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது, பிராணியை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அதன்பிறகுதான், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 2006இல் அங்கே சட்டம் வந்தது. உங்கள் பகுதியில் விதி என்ன என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். இடமில்லை என்றால், வெளியூர் உறவினரோ நண்பரோ, பிராணிகள் தங்கும் விடுதியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது வெளியேற உத்தரவு வந்தால் சாவியோடு உள்ளே போக, உங்கள் பிராணி அறிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டும்.

விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், தயவுசெய்து கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். கட்டிய நாய்க்குத் தண்ணீர் ஏறும்போது தப்ப வழியில்லை. உயரமான தளத்தில் அவிழ்த்துவிட்டு, பல பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, உள்ளே என்ன பிராணி, எத்தனை என்று மீட்பவர்கள் படிக்கும்படி வாசல் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

திரும்பி வந்த பிறகு சில நாள் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள். வெள்ளம் வாசனைகளை அடித்துப் போயிருக்கும், பழகிய தெருவிலேயே அதற்கு வழி தப்பலாம். தேங்கிய தண்ணீரை நக்கவிடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது மனிதர்களுக்கும் தொற்றும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரணிலிருக்கும் பழைய கேரியரை அடுத்தமுறை கடைக்கு வரும்போது எடுத்துவாருங்கள். எங்கே வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. கதவுத் தாழ் இறுகுகிறதா, பக்கத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, வளர்ந்துவிட்ட உங்கள் பூனை இன்னும் அதற்குள் திரும்பிப் படுக்க இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் செல்லப்பிராணிக் கடையினர்