சலவைக்கு எது நல்ல நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாற்ற நம் மலேசிய அரசு இலக்கு வைத்திருந்தாலும், எங்கள் தோட்டத்து வீடுகளில் வேலை முடிந்து திரும்பியதும், இரவு ஏழு மணிக்கே சலவை இயந்திரமும் இஸ்திரிப்பெட்டியும் ஒருசேர ஓடுகின்றன. சூரிய மின்சாரம் அடங்கிவிட்ட அவ்வேளையில் நிலக்கரியும் எரிவாயுவுமே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த, நேரத்துக்கேற்ப விலை மாறும் நேரவாரி மின்கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தால், வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் கட்டணம் கூடிய உச்ச நேரம். வார இறுதி முழுவதும் கட்டணம் குறைவு. எங்கள் வீட்டில் சலவை சனிக்கிழமை காலைக்கு மாறிவிட்டது, பள்ளிச் சீருடை மட்டும் விதிவிலக்கு. இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கத் தமிழில் ஒரு துண்டறிக்கையும் எனக்குக் கிடைக்கவில்லை; தங்கள் நாளிதழ் அந்த நேர அட்டவணையைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்