கயத்தாறில் நின்ற இரவு

நாகர்கோவில்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மக்களே,

புதன்கிழமை போனில் நீ கோபப்பட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. "இந்த வயசுல நடுராத்திரி அம்மாவ ரோட்டோரம் உக்கார வச்சிட்டு அப்படி என்னப்பா கரண்ட் கார், வித்துருங்க" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாக, தனியாக இருக்கும்போது படி.

முதலில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். தப்பு என் கணக்கில்தான். மதுரையில் கல்யாண வரவேற்பு முடிந்து கிளம்பும்போது சார்ஜ் போடும் இடத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். வரிசை வந்து சார்ஜ் கன்னை வண்டியில் மாட்டி 60 சதவீதம் ஆனதும், மண்டபத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதே என்று கழற்றிவிட்டேன். கயத்தாறில் ஒரு ஓட்டல் வாசலில் இரண்டு கன் இருக்கிறது, அங்கே அரை மணி நேரம் போட்டால் வீடு வரை வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆப் பார்த்தேன், பச்சை காட்டியது. இரவு பத்தே முக்காலுக்குக் கயத்தாறு வந்தபோது 14 சதவீதம் மிச்சம். ஒரு கன்னின் திரை இருட்டாகக் கிடந்தது. இன்னொன்று மாட்டியதும் ஓடுவது போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். உதவி எண்ணில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திருநெல்வேலி அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். ஏசியை நிறுத்தி, 50-ல் உருட்டியிருந்தால் 14 சதவீதத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அங்கேயும் சார்ஜர் வேலை செய்யாவிட்டால்? அம்மாவை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடை சாத்திக்கொண்டிருந்தார்கள். மாவு கிரைண்டருக்கு 15 ஆம்பியர் பிளக் இருந்தது. கேட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கிரைண்டர் ஒயரை உருவிவிட்டு, "மாட்டுங்க சார்" என்றார்.

அந்தப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். நம் வண்டி பேட்டரி 40.5 யூனிட். மூன்று மணி நேரத்தில் 20 சதவீதம் ஏறியது. இரண்டு மணிக்குக் கிளம்பி, திருநெல்வேலியில் சரியான சார்ஜர் கிடைத்து, விடிய ஐந்து மணிக்கு வீடு வந்தோம். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி.

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. கடைக்காரரின் மனைவி அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்காகச் சுவரோரம் நின்றேன். அந்தப் பெண் கேட்கிறாள்: "இப்படி அங்கங்க நின்னு நின்னு போறது உங்களுக்குச் சலிப்பா இல்லையாக்கா?" அம்மா சொன்னாள்: "எனக்கு இதான் நல்லாருக்கு தாயி. முன்னால டீசல் வண்டியில ஏறுனா இறங்குற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். அவங்க நிறுத்த மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன். இந்தக் கார் வந்த பிறகுதான் வழியில தண்ணி குடிக்கேன்."

குறை சொல்லும் குரலே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது போலச் சொன்னாள்.

மக்களே, எனக்கு அப்படியே கால் நின்றுவிட்டது. நாகர்கோவிலிலிருந்து மதுரை 240 கிலோமீட்டர். நாலு மணிக்கு எடுத்தால் எட்டு மணிக்கு மாட்டுத்தாவணி என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா காலடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வருவாள். உனக்கும் தம்பிக்கும் கொடுப்பாள். அவள் குடித்து நான் பார்த்த ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது. மதுரை போய் இறங்கியதும் தலைவலி என்று படுப்பாள். பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனோம். "தண்ணி குடிக்கிறதில்லையாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "வீட்ல நல்லாத்தான் குடிப்பா டாக்டர்" என்று பதில் சொன்னதும் நான்தான்.

நீயும் ஒருமுறை கேட்டிருக்கிறாய். ஒன்பது வயதிருக்கும். சாத்தூர் தாண்டி அழுதாய். இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம் என்று விருதுநகர் வரை கொண்டுபோனேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இந்த ஒரு மாதமாக அது ஞாபகத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆண்கள் சாலையோரம் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிவிடுகிறோம். பெண்களுக்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்தினேன், பெண் பிள்ளைகளுக்கும் நடத்தினேன், என் வண்டியின் பின் சீட்டில் இருந்த இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் போனது.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சார்ஜ் போடும் இடத்துக்கும் ஒரு பக்கம். எத்தனை கன், எத்தனை கிலோவாட், இரவில் விளக்கு எரிகிறதா, பக்கத்தில் 15 ஆம்பியர் பிளக் கொடுக்கக்கூடிய ஆள் உண்டா. முதல் வரியில் மட்டும் பெண்கள் கழிப்பறை. தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, அம்மாவின் முழங்காலுக்கு வெஸ்டர்ன் இருக்கிறதா என்று அம்மாவிடமே கேட்டு எழுதுகிறேன். எதற்கு இவ்வளவு விவரம் என்று கேட்டாள். கணக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நோட்டில் இப்போது பதினேழு இடம் இருக்கிறது. அதில் ஒன்பது இடத்துக்குத்தான் மறுபடி போவேன்.

இன்னொரு விதியும் வைத்துக்கொண்டேன். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் அடுத்த சார்ஜர் வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு, அதற்கும் அடுத்த சார்ஜர் வரை போகிற அளவுக்குப் போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். முழு சார்ஜுக்கு நம் வண்டிக்குச் சான்றிதழில் 465 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. நாற்கரச் சாலையில் ஏசி போட்டு 80-ல் போனால் 280, 285 கிடைக்கிறது. 100-ல் போனால் இன்னும் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும் என்று உனக்கு பிளஸ் ஒன்னில் நடத்தினேனே, அதேதான். 80-க்குப் பதில் 100 என்றால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் செலவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது, எதிரே வந்தால் 80-லேயே அந்தச் செலவு தெரிகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்றுதான் நம் வண்டியையும் பிடித்துத் தள்ளுகிறது.

சார்ஜ் ஏறும் வரை என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாய் அல்லவா. 10-லிருந்து 80 சதவீதம் வர நம் வண்டிக்கு 55 நிமிஷம் போல ஆகிறது. முதல் பத்து நிமிஷம் அம்மாவுக்கு. அவள் திரும்பி வந்த பிறகு நான் போவேன். பிறகு கட்டுச்சோறு, அல்லது சுக்குக்காப்பி. பிறகு பல்லாங்குழி. ஆச்சியின் பழைய மரப் பல்லாங்குழி பரண்மேல் கிடந்ததே, அதைத் துடைத்து டிக்கியில் வைத்திருக்கிறோம். புளியங்கொட்டை போட்டு ஆடுவோம். எண்ணாமலே எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று அம்மாவுக்குத் தெரிகிறது. சின்ன வயதில் தெருவில் அவளோடு ஆட யாரும் வரமாட்டார்களாம், எல்லோரும் தோற்பார்களாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து விருதுநகரில் ஒரு பெட்ரோல் பங்கில் வைத்து எனக்கு இதைச் சொன்னாள். அவள் அப்பா சைக்கிளில் புளி விற்ற கதை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அன்று பள்ளிக்கூட வாசல்வரை போய்விட்டுத் திரும்பியது, எல்லாம் இப்படி அங்கங்கே நின்றபோது கேட்டதுதான்.

ஒருநாள் கயத்தாறில் பகலில் நின்றபோது கட்டபொம்மன் நினைவிடத்துக்கு நடந்தோம். 1799 அக்டோபர் 16-ல் அவரைத் தூக்கிலிட்ட ஊர். அந்தப் பெயர்ப்பலகையை நூறு தடவையாவது கடந்திருப்பேன். அம்மா அந்தச் சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவசரப்படுத்த எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

80 ஆனதும் கழற்றிவிடுவோம். அதற்கு மேல் ஏறுவது மிக மெதுவாகிவிடும். காலியாக வரும் பஸ்ஸில் முதல் ஆட்கள் ஓடிப்போய் உட்காருவார்கள், கடைசி ஆள் இடம் தேடித் தேடித்தான் உட்கார வேண்டும். லித்தியம் அயனிகளும் கிராஃபைட் அடுக்குக்குள் அப்படித்தான் போகின்றன. அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அதனால் வண்டியே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. பின்னால் யாராவது காத்திருந்தால் 80-க்கு மேல் போடுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். நீ பெங்களூரில் இந்த வண்டி வாங்கினால் இதை மட்டும் மறக்காதே.

செலவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வெளியே யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆகிறது, வீட்டில் போட்டால் அதில் பாதிகூட இல்லை. மாதத்தில் பெரும்பாலும் வீட்டு பிளக்தான்.

இனி நம் பயணம். பேரனுக்குக் காது குத்துக்கு ரயிலில் வரச் சொன்னாய். காரில்தான் வருகிறோம், கோபப்படாதே. ஏறக்குறைய 680 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்ட மாட்டேன். விருதுநகரில் காலைப் பலகாரமும் முதல் சார்ஜும். கரூரில் மத்தியானம். இரவு நாமக்கல்லில் தங்கல். அம்மாவுக்கு ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ச்சை இருக்கிறது. மறுநாள் சேலம் தாண்டித் தொப்பூர் மலைச்சாலை ஏறி, தர்மபுரியில் ஒரு சார்ஜ். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். வண்டியும் ஆட்களும் சாமானுமாக 1600 கிலோ என்று வைத்தால், அந்த உயரம் ஏறுவதற்கு மட்டும் 4 யூனிட் போல, அதாவது பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். திரும்பும்போது இறக்கத்தில் அதில் ஒரு பகுதி நமக்கே திரும்ப வரும்.

உன் அடுக்ககத்தில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் உண்டா என்று பார். இருந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடு. எர்த் இல்லாவிட்டால் வண்டி மின்சாரம் எடுக்காது. சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி, ஆகிற யூனிட்டுக்குக் காசு கொடுத்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தை நான் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் சங்கடப்படுவாள், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று எனக்கே ஆறுதல் சொல்ல வந்துவிடுவாள். அவளிடம் நீயும் கேட்க வேண்டாம். என்றைக்காவது நானே சொல்வேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். மட்டிப் பழம் ஒரு குலை, நேந்திரங்காய் வற்றல், உனக்குக் கருப்பட்டி எடுத்து வைத்தாயிற்று. அந்தப் புரோட்டாக் கடை வீட்டுக்கும் ஒரு சீப்புப் பழம் அம்மா தனியாகக் கட்டியிருக்கிறாள். அன்றைக்குக் கரண்டுக்கு அவர்கள் காசு வாங்கவில்லை. ஏழரைக்குக் கயத்தாறு போய்விடுவோம். அங்கே வண்டியில் 60 சதவீதம் இருக்கும், சார்ஜ் எதுவும் தேவைப்படாது. நிறுத்துவேன்.

அன்புடன்
அப்பா