ஆயாவுக்குப் பால் ஏன் சேரவில்லை? விலங்கியல் வினாத்தாள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலுக்கு வினாத்தாள் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் அதே பாடத்தை நடத்துகிறவள் நான். என் வகுப்பில் பல பிள்ளைகள் விடிகாலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். லேக் ஓபரான், அதாவது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா அதைச் செரிக்கும் மரபணுக்களைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு, நடத்தி முடித்த அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ், எங்க ஆயாவுக்குப் பால் குடிச்சா வயிறு உப்பிக்குது. தினம் கொஞ்சங் கொஞ்சமா குடிச்சா அந்த ஜீன் தொறந்துக்குமா?"

"தொறந்துக்கும், பழகினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். மணியும் அடித்துவிட்டது. ராத்திரி பாலுக்கு உறை ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தப் பாட்டியை நான் ஈ.கோலை பாக்டீரியாவாக ஆக்கியிருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். என் அலமாரியில் கிடக்கும் பழைய வினாத்தாள்களில் மரபணு ஒழுங்குபாடு என்றாலே 'லேக் ஓபரானைப் படத்துடன் விளக்குக' என்ற ஒரே கேள்விதான். கேட்காததை நாங்கள் அழுத்தி நடத்துவதில்லை, பிள்ளைகளும் படிப்பதில்லை.

ஓபரானைக் குறைத்துச் சொல்லவில்லை. 1961-இல் ஜேக்கபும் மோனோவும் எழுதிய அந்த விளக்கத்தின் அழகு இன்றும் குறையவில்லை. 1965-இல் லுவாஃபுடன் சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனால் படத்தை மனப்பாடம் செய்த பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: லாக்டோஸ் பாக்டீரியாவுக்குள் வர பெர்மியேஸ் என்ற கடத்துப் புரதம் வேண்டும். மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும் அடக்கிப் புரதத்தை விலக்குவது, லாக்டோஸிலிருந்து வரும் அல்லோலாக்டோஸ். அது உருவாக பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். இரண்டுக்கும் உரிய மரபணுக்கள் அடைபட்டே கிடக்கின்றன. அப்படியானால் முதல் லாக்டோஸ் மூலக்கூறு எப்படி உள்ளே நுழைந்தது? பூட்டு கொஞ்சம் லொடலொடப்பானது என்பதுதான் பதில். அடக்கி அவ்வப்போது டி.என்.ஏ.வை விட்டு நழுவும். அந்த இடைவெளியில் மரபணுவிலிருந்து ஓரிரு ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்பட்டுவிடும். அதனால் பெர்மியேஸ் துளியளவு எப்போதும் இருக்கும். படத்தில் இது தெரியாது. பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால், லாக்டோஸ் எவ்வளவு இருந்தாலும் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும் என்பதையும் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஆயாவின் குடலுக்கு வருவோம். பாக்டீரியாவில் பெரும்பாலும் மரபணு திறந்தே கிடக்கும், தடுக்கத்தான் ஆள் வேண்டும். நம் செல்லில் தலைகீழ். ஹிஸ்டோன் என்ற புரத உருண்டை ஒவ்வொன்றையும் 147 காரயிணைகள் (எழுத்து ஜோடிகள்) நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றைத் தளர்த்தி, புரதங்கள் பல கூடி வந்து, படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் II-ஐக் கொண்டுவந்து உட்கார வைத்தால்தான் வேலை தொடங்கும். லாக்டோஸைச் செரிக்கும் நொதியான லாக்டேஸின் மரபணு தோல் செல்லிலும் இருக்கிறது, ஆனால் மூட்டை கட்டி வைத்தபடி. சிறுகுடலின் உட்சுவரில்தான் மூட்டை அவிழ்கிறது. அதுவும் பால்குடி மறந்த பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்ல அடங்கிவிடும்.

அடங்காதவர்களும் இருக்கிறார்கள். அதற்கான ஒரு காரணத்தை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 டி.என்.ஏ. எழுத்துகள் முன்னால், பக்கத்து வீட்டு மரபணுவுக்குள் ஒரு ஊக்கி வரிசை, அதாவது லாக்டேஸ் மரபணுவைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டு, இருக்கிறது. அதில் 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'டி' இருந்தால், வயதானாலும் லாக்டேஸ் சுரந்துகொண்டே இருக்கும். அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. இதில் லாக்டோஸுக்கு எந்த வேலையும் இல்லை. ஆயா குடம் குடமாகக் குடித்தாலும் அந்த மரபணு அதைக் கண்டுகொள்ளாது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், தினமும் கொஞ்சம் குடித்துப் பழகினால் சிலருக்கு உப்புசம் குறையத்தான் செய்கிறது. பெருங்குடலில் லாக்டோஸைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகுவதால் வரும் ஆறுதல் அது. ஆக, நான் சொன்ன பதில் பாதி சரி, காரணம் முழுக்கத் தப்பு. மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லித் திருத்திக்கொண்டேன். ராகிக் களியோடு ஆயா தயிரும் மோரும் சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை என்று அந்த மாணவியே சொன்னாள். தயிராகும்போதே லாக்டோஸில் ஒரு பங்கைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன என்றேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அடுத்த தாளில் படத்துக்குப் பதிலாக இப்படிப் போடுங்கள்: 'ஈ.கோலையும் மனிதரும் லாக்டோஸைச் செரிக்கிறார்கள். பால் கொடுத்தால் ஈ.கோலையின் மரபணு திறக்கிறது, மனிதருடையது ஏன் திறப்பதில்லை?' ஐந்து மதிப்பெண் போதும். விடைக்குறிப்பில் மட்டும், ஹிஸ்டோனைப் பற்றி எழுதினாலும் ஊக்கி வரிசையைப் பற்றி எழுதினாலும் மதிப்பெண் தரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் திருத்துகிற இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்து விலங்கியல் ஆசிரியை ஒருத்தி