மச்சாளுக்கு வந்தது காஸ்ரிக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மச்சாள் பிள்ளைக்காக எட்டு வருடம் காத்திருந்து, கொழும்பில் ஊசிகள் போட்டு, சூலகத்திலிருந்து (பெண்ணின் கருமுட்டை உண்டாகும் உறுப்பு) முட்டை எடுத்து, இரவு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவள். நாலாம் நாள் காலையில் போட்ட சோட்டி பின்னேரம் வயிற்றில் இறுகிப்போனது, சத்தி வேறு, சிறுநீரும் சரியாகப் போகவில்லை. ஒரு வைத்தியசாலையில் காஸ்ரிக் என்று குளிசை தந்து அனுப்பினார்கள். நாங்களும் வெட்கத்தில் சிகிச்சை விஷயத்தைச் சொல்லவில்லை, அடுத்த நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் சொன்னோம்.

அது சூலக மிகைத்தூண்டல். ஊசி மருந்துக்குச் சூலகம் அளவுக்கு மீறி வீங்கி, இரத்தக் குழாயிலுள்ள நீர் வயிற்றுக்குள்ளும் சில வேளை நெஞ்சுக்குள்ளும் கசிய, இரத்தம் தடித்து உறையப் பார்க்கும். வயிறு ஊதியிருக்கிறதே என்று சிறுநீர் போக்கும் மருந்தை யோசிக்காமல் கொடுத்தால் இன்னும் தடிக்கும். அந்த வயிற்றைப் பலமாக அழுத்திப் பார்ப்பதும் ஆபத்து. ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும்தான் வேண்டும். திடீரென ஒரு பக்கம் மட்டும் குத்தினால் சூலகம் முறுகியிருக்கலாம், அதற்கு உடனே சத்திரசிகிச்சை தேவைப்படும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களே, வயிற்றுவலியோடு வரும் இளம் பெண்ணிடம் "பிள்ளைக்காக மருந்து எடுக்கிறீங்களா?" என்று ஒருக்கால் கேளுங்கள், மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். சிகிச்சை நிலையங்களும் போட்ட ஊசி, திகதி, தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு தமிழ் அட்டையைக் கையில் கொடுத்தனுப்பலாம். வீட்டில் இருப்பவர்கள், மூச்சு முட்டினால் விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வாசகி,
கொக்குவில்