பூங்குழலியின் அப்பா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெல்லிக் காற்று கெட்டுக் கிடப்பதால் டாக்டர் என் காலை நடையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆகவே இந்த மாதம் முழுவதும், ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து சரித்திரம், விஞ்ஞானம், கிராமம், நகரம் என்று வகைக்கொன்றாக நாவல்களை எடுத்துவந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்கா படிக்கிறீர்கள் என்று அம்மா கேலி செய்கிறாள்.

முதலில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகங்களையும் பள்ளி விடுமுறையிலேயே முடித்துவிட்டு, நானும் பூங்குழலியைப் போலத் தனியாகப் படகோட்டுவேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சொன்னபடியே கடல் கடந்தும் போனாய் என்று இன்றைக்கும் யார் வந்தாலும் பெருமையடித்துக்கொள்கிறேன். இம்முறை என் கண்ணில் பட்டவர் அவளுடைய தகப்பனார், கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தியாகவிடங்கர். மகள் எப்போது எந்தப் பக்கம் படகை விடுவாள் என்று அந்த மனிதருக்கும் தெரியாது. ஆயினும், அவள் திரும்பிவந்து ஏறுவதற்கு அவருடைய கரை இருந்தது. வேளைக்குச் சாப்பிடு.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அவ்வளவு நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. கணவன் சிபி காணாமல் போய்விட, நிலா என்ற அந்தப் பெண் யாரை நம்புவதென்று தெரியாமல் அலைகிறாள். அவளுக்குத் துணையாக வாய்ப்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. விஞ்ஞானக் கதையில் அதையெல்லாம் கேட்கக் கூடாதோ என்னவோ.

ஆதவனின் 'காகித மலர்கள்' 1977-இல் வந்தது. பிறர் பார்வைக்காக வேஷம் கட்டிக்கொண்டு நடமாடும் டெல்லி மனிதர்களை அதில் பார்த்தேன். தொலைபேசியில் நீ ஒவ்வொரு முறையும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அவசரமாக வைத்துவிடுவது, படிக்கும்போதே நினைவுக்கு வந்தது. அப்பாவிடமுமா கண்ணம்மா?

பூமணியின் 'வெக்கை'யை மட்டும் இரண்டு முறை படித்தேன். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு வந்து நிற்கிறான் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். அவனை அழைத்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஒளிந்து திரியும் தகப்பன், நடந்ததற்காக அவனைக் குடைந்துகொண்டிருக்காமல், அடுத்த வேளைச் சோற்றுக்கும் அன்றிரவு படுக்க ஓர் இடத்துக்கும் வழி தேடுகிறார். கொலையே செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு அப்படி ஒரு தகப்பன் இருக்கும்போது, எந்தத் தவறும் செய்யாத பிள்ளைகள் எதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

உன் அறையில் குவிந்திருந்த பழைய பெட்டிகளையெல்லாம் அம்மா பரணுக்கு ஏற்றிவிட்டாள். யாரும் வருவதாகச் சொல்லவில்லையே என்றேன், பதில் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரர் அடுத்த மாதம் டொராண்டோவுக்கு வருகிறார். உனக்கு முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறோம். மாப்பிள்ளைக்குக் கரோல் பாகில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் உன் விலாசத்துக்கே அனுப்பலாமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா