படத்துக்குக் கீழே இருக்கும் வரி

ஷோட்டோகான் கராத்தே கற்றுத்தரும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். என் மகள் மூன்று வருடமாக உங்களில் ஒருவரிடம் படிக்கிறாள். போன மாதம் எங்கள் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து கட்டா (அடியும் தடுப்புமாக வரிசைப்படுத்திய அசைவுகள்) செய்தாள். அவன் கற்பது வேறு ஸ்டைல். விஷயம் கிளாஸுக்குத் தெரிந்ததும் நல்ல திட்டு: "அவன்கூடச் சேர்ந்து பண்ணினா உன்னோடது கெட்டுப்போகும்." திட்டியவருக்குப் பின்னால் சுவரில் கிச்சின் ஃபுனாகோஷியின் படம். கீழே, 'ஷோட்டோகான் ஸ்டைலை உருவாக்கியவர்'.

படத்தில் இருப்பவர் 1868இல், இன்றைய ஜப்பானின் ஒக்கினாவா தீவிலுள்ள ஷுரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்தில் கராத்தே ஒளிந்து கற்கும் வித்தை. ராத்திரியில் குரு அசாத்தோவின் வீட்டுக் கொல்லையில் ஒரே கட்டாவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செய்வார். விடியுமுன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார். ஆள் தாசி வீட்டுக்குப் போய்வருகிறார் என்றே அக்கம்பக்கத்தார் முடிவுகட்டினார்களாம். (இந்த இடத்தைப் பிள்ளைகளிடம் கொஞ்சம் பூசிமெழுகிச் சொல்லுங்கள்.)

இத்தோசு அவருடைய இன்னொரு குரு. இரண்டு பேருமே அவரைத் தங்களோடு கட்டிப்போடவில்லை. தெரிந்த மற்ற ஆசான்களிடம் தாங்களே அறிமுகப்படுத்தி, அவரவர் கைதேர்ந்ததைக் கற்றுக்கொள் என்று அனுப்பினார்கள்.

1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் ஜூடோ பயிற்சிக் கூடமான கோடோகானுக்கே அவரை அழைத்தார். நம் பிள்ளைகள் போடும் வெள்ளை உடுப்பும் கட்டும் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து வந்தவைதானே? அதைக் கட்டிக்கொண்டா 'கலப்பு கூடாது' என்கிறோம்?

டோக்கியோவில் ஃபுனாகோஷி ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அறைகளையும் தோட்டத்தையும் பெருக்கிப் பிழைத்தார். ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவரிடமே "ஃபுனாகோஷி எங்கே?" என்று கேட்டார். "கொஞ்சம் இருங்கள்" என்று உள்ளே போனவர், உடை மாற்றிக்கொண்டு வந்து, "நான்தான் ஃபுனாகோஷி" என்றார்.

'ஷோட்டோ' அவர் கவிதைக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மரங்களில் காற்று எழுப்பும் ஒலி. மாணவர்களும் அன்பர்களும் பணம் திரட்டிக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்கு 'ஷோட்டோகான்', அதாவது ஷோட்டோவின் கூடம், என்று பெயர் வந்தது. 1945 குண்டுவீச்சில் கூடம் எரிந்தது, பெயர் தங்கிவிட்டது. தன்னை 'ஷோட்டோகான் பிரிவு' என்று வகைப்படுத்துவதைக் கடுமையாக எதிர்ப்பதாகத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கராத்தே இப்படிப் பிரிவு பிரிவாகக் கிடப்பதே அவருக்குப் பெரிய குறை.

ஆகவே படத்துக்குக் கீழே இருக்கும் வரியை அழித்துவிட்டு, 'பள்ளி ஆசிரியர், 1868-1957' என்று எழுதிவிடுங்கள். அது போதும்.

மகள் இப்போது மாடியில் தனியாகத்தான் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிடலாமா என்று நேற்றும் கேட்டாள். மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா